131க்குப் பின்னால் நின்றவர்

மார்ச் 31, வியாழன்

தலைவர் விதுரனின் 'உப்புக்கண்' ஓகஸ்ட் பதினொன்றில் ரிலீஸ், உலகம் முழுக்க ஒரே நாளில், யாழ்ப்பாணத்திலும் முதல் நாள் முதல் காட்சி, இது கனவில்லை, இது கனவில்லை!!!

இதை பேஜில்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். ஆனால் இன்றைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. போனில் ஒன்பது வீதம். அதனால் ஏஎல் கெமிஸ்ட்ரிக் கொப்பியின் பின்பக்கத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதுகிறேன். சோதனை முடிந்துவிட்டது, றிசல்ட் எப்போது வரும் என்று தெரியாது, கொப்பியில் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. கரண்ட் இல்லாத நாளெல்லாம் இதில் எழுதப் போகிறேன்.

எழுதுவது பெனிற்றா, வயது பத்தொன்பது, குருநகர். 'விதுரன் கோட்டை யாழ்ப்பாணம்' பேஜின் ஒரே அட்மின். 41,000 பாலோவர்ஸ். எடிட்டிங், போஸ்டர், சப்டைட்டில் எல்லாம் யூடியூப் பார்த்து நானே பழகியது. அப்பாவின் ஓட்டோவுக்குப் பின்னால் தலைவரின் முகத்தைப் பெரிய ஸ்டிக்கராக ஒட்டியதும் நான்தான். அப்பா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு ஹயர் ஏறிய பெடியன் ஒருவன் "அண்ணை, செம மாஸ்" என்று சொன்னதில் சமாதானம் ஆகிவிட்டார்.

ரிலீஸ் என்று கத்தியபோது அப்பா கேட்டார்: "ஆர் வாறது? உன்ர மாப்பிள்ளையோ?"

"அப்பா!"

"வரட்டும் வரட்டும். வரேக்க ஒரு கலன் பெற்றோலும் கொண்டு வரச் சொல்லு."

ஏப்ரல் 3, ஞாயிறு

ஊரடங்கு. பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்திவிட்டது. கொழும்பில் சனம் ரோட்டில் இறங்கிவிட்டதாம். நான் விபிஎன் போட்டு உள்ளே போய் போஸ்டரைப் போட்டுவிட்டேன். இலங்கையில் இன்றைக்கு அப்டேட் போட்ட ஒரே ரசிகர் பேஜ் நாங்கள்தான் என்று நினைக்கிறேன். பெருமையாக இருந்தது.

அம்மா சொன்னது: "நாடு எரியுது, இவள் ஆருக்கோ லைக் எண்ணிக்கொண்டு இருக்கிறாள்."

அப்பா சொன்னது: "விடும் ஜெசிந்தா. நாங்கள் அவளின்ர வயசில பங்கருக்க இருந்து தாயம் விளையாடினனாங்கள். அதைவிட இது பரவாயில்லை."

மே 9, திங்கள்

பிரதமர் ராஜினாமா. திரும்பவும் ஊரடங்கு. முதல் பாட்டு வந்துவிட்டது. பாட்டு சுமார்தான். பேஜில் தீ என்று எழுதினேன்.

மே 26, வியாழன்

அப்பாவுக்கு இன்று கிளினிக். பிரஷர் குளிசைக்கு மாதம் ஒருமுறை போவார். ஆனால் இம்முறை நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. மூன்று கிழமைக்குத்தான் கொடுத்தார்களாம். ஜூன் 16, வியாழக்கிழமை கட்டாயம் வரச் சொல்லிக் கிளினிக் கொப்பியில் சிவப்பில் எழுதியிருக்கிறது. வெளியே பார்மசிகளில் தேடினோம். நாலாவது கடைக்காரர் சிரித்தார்.

"அக்கா, அந்தக் குளிசையை நான் கடைசியாக் கண்டது பங்குனியில."

அம்மா அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார். ட்ரெய்லர் திகதி இன்னும் அறிவிக்கவில்லை. அதுவும் ஜூன் நடுப்பகுதி என்று ஒரு கதை அடிபடுகிறது.

ஜூன் 14, செவ்வாய்

அப்பா பெற்றோல் செட் வரிசையில் ஓட்டோவை விட்டுவிட்டார். ஓட்டோவுக்குத் தனி வரிசை. கடற்கரை றோட்டில் அரைக் கிலோமீட்டர் நீளம். இனிப் பெற்றோல் ஏற்றிவரும் பவுசர் லொறி வரும்வரை அங்கேதான்.

வரிசைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. யூட் அண்ணை என்று ஒருவர், அவரும் ஓட்டோக்காரர்தான், எல்லா ஓட்டோவின் முன் கண்ணாடியிலும் சோக்கட்டியால் நம்பர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 131. காலை ஆறுக்கும் பின்னேரம் ஆறுக்கும் நம்பர் கூப்பிடுவார். இடையில் பவுசர் வந்தாலும் கூப்பிடுவார். ஓட்டோவுக்குள் ஆள் இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து தூக்கி ஓரத்தில் வைத்துவிடுவார்கள். திரும்பக் கடைசியில் போய்த்தான் நிற்க வேண்டும். ஓட்டோவின் சொந்தக்காரர்தான் என்றில்லை, அவர் வீட்டு ஆள் யார் இருந்தாலும் சரி. ஆனால் ஆள் இருக்க வேண்டும்.

இஞ்சின் ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. மிச்சமிருக்கும் துளியும் போய்விடுமே. வரிசை நகரும்போது எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள்.

"தொண்ணூறுகளில நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள்," என்று அப்பா அங்கே ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "குழந்தையளின்ர சூப்பிப் போத்திலில பெற்றோல் வைச்சு, ஸ்டார்ட் எடுக்க மட்டும் ரெண்டு துளி."

"இப்ப மண்ணெண்ணெயும் இல்லையே அண்ணை."

"அதான் சொல்லுறன், அது பொற்காலம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் முடிவானது: வியாழன் காலை அப்பா கிளினிக் போக வேண்டும். அம்மாவுக்கு அன்றைக்கு மண்ணெண்ணெய் டோக்கன், அதை விடவே முடியாது. அதனால் காலை ஆறிலிருந்து நான் ஓட்டோவுக்குள் இருப்பது. சரி என்றேன்.

ஜூன் 15, புதன்

ட்ரெய்லர் நாளை காலை பத்து மணிக்கு!!! கடைசி நேரத்தில் அறிவித்திருக்கிறார்கள், பாவிகள்!

மதுரையிலிருந்து ஹரிணி கோல் எடுத்தாள். அங்கே உள்ள பெரிய பேஜின் அட்மின் அவள்.

"பெனி, இலங்கை சைடு லைவ் நீதான் பண்ற. சேர்ந்தே பார்க்கிறோம், நீ கமெண்ட்ரி குடுக்கிற. எல்லா பேஜ்லயும் உன் லிங்க்கதான் போடுறோம். சொதப்பிராத!"

என் லிங்க். எல்லா பேஜிலும்.

கடற்கரை றோட்டில் நெட் சுத்திக்கொண்டே நிற்கும். சிநேகிதி ஷெரின் வீட்டில்தான் வைபை இருக்கிறது, கரண்ட் போனாலும் இன்வேட்டர் இருக்கிறது.

பின்னேரம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. ட்ரெய்லர் பத்து மணிக்கு என்று மட்டும் சொன்னேன். இரண்டு தடவை சொல்லியிருப்பேன். அப்பாவாகத்தான் சொன்னார்.

"அப்ப நீ அதைப் பார் பிள்ளை. கிளினிக் அடுத்த வியாழனும் இருக்கும்தானே. குளிசை இன்னும் கிடக்கு."

"அம்மா ஏசுவா."

"கொம்மாவுக்கு நான் சொல்லுறன்."

ஜூன் 16, வியாழன்

2,314 பேர்!!! ஒரே நேரத்தில் என் லைவில் 2,314 பேர்!!! தலைவர் உப்பளத்தில் நடந்து வரும் அந்த ஷாட்டில் நான் கத்தியது ஷெரினின் அயல் வீட்டுக்கும் கேட்டதாம். கனடா, பிரான்ஸ், மலேசியா, மன்னார், மட்டக்களப்பு என்று கமெண்ட் ஓடிக்கொண்டே இருந்தது. ஹரிணி "நீ ராணிடி" என்று வொய்ஸ் அனுப்பினாள். பத்துத் தடவை கேட்டேன்.

பவுசர் வரவில்லை.

ஜூன் 17, வெள்ளி

அப்பா கிளினிக் போகவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

வரிசைக்கே போய் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். "மூண்டு கிழமைக் குளிசை நேற்றோட முடிஞ்சுது எண்டு எனக்குத் தெரியாதோ? எத்தினை கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்!"

அப்பா சட்டைப் பையிலிருந்து கடதாசிச் சுற்றை எடுத்துக் காட்டினார். அரைக் குளிசைகள். பிளேட்டால் வெட்டியது. கொஞ்ச நாளாகவே பாதி பாதியாகத்தான் போட்டு வந்திருக்கிறார்.

"நான்தான் போகேல்லை," என்றார். "பவுசர் வருமெண்டு சொன்னவங்கள். அதான் நான் போகேல்லை. பிள்ளை வந்தவள், நான்தான் திருப்பி அனுப்பினனான்."

நான் பக்கத்தில் நின்றேன். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 18, சனி

மத்தியானம் புட்டும் சம்பலும் கொண்டுபோனேன். வரிசை நகர்ந்தபாடில்லை. ட்ரெய்லர் ஒரு கோடி வியூஸ். ஒரு கோடிக்கான போஸ்டர் போட வேண்டியிருந்ததால் சைக்கிளில் சாய்ந்து நின்றபடியே எடிட் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, பின்னால நிக்கிற அண்ணைக்கும் குடு. அவருக்கு வீடு கனதூரம், சாப்பாடு வாறேல்லை."

கொடுத்தேன். அவர் என்னவோ கேட்டார், தலைவரைப் பற்றி. "ஓம் அண்ணை" என்றேன்.

அப்பா தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெயில் என்றார். மூன்று வாய்தான் சாப்பிட்டார்.

ஜூன் 19, ஞாயிறு

தந்தையர் தினம். தலைவர் அவருடைய அப்பாவோடு நிற்கும் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, கறுப்பு வெள்ளையில் எடிட் பண்ணிப் போட்டேன். ஐயாயிரம் லைக். பூசை முடிந்து அம்மாதான் சாப்பாடு கொண்டுபோனார். நான் போகவில்லை.

ஜூன் 20, திங்கள்

பவுசர் வந்தது.

ஜூன் 24, வெள்ளி

கரண்ட் இருக்கிறது. போனில் நூறு வீதம். ஆனாலும் கொப்பியில்தான் எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு 131 என்று கூப்பிட்டபோது அப்பா கை காட்டியிருக்கிறார். எட்டரைக்குப் பவுசர் வந்திருக்கிறது. வரிசை நகர்ந்திருக்கிறது. பத்தரைபோல அப்பாவின் ஓட்டோ பம்புக்கு முன்னால் போனபோது பெற்றோல் அடிப்பவர் "அண்ணை, மூடியைத் திறவுங்கோ" என்றிருக்கிறார். இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். மூன்றாம் தடவை தோளில் தட்டியிருக்கிறார்.

யூட் அண்ணை அந்த ஓட்டோவுக்கு அங்கேயே பெற்றோல் அடித்து, அதிலேயேதான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாரடைப்பு. கொண்டுவரும்போதே உயிர் போய் இரண்டு மணித்தியாலமாகியிருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

ஆறு நாள் நின்று எடுத்த பெற்றோல். சவப்பெட்டி எடுக்கப் போனதும் அந்தப் பெற்றோலில்தான், மாதா கோயிலுக்கு ஃபாதரைக் கூட்டப் போனதும் அதில்தான். இன்னும் மிச்சம் இருக்கிறது.

அம்மா முன் கண்ணாடியைக் கழுவப் போனார். நான் வாளியைத் தட்டிவிட்டேன்.

ஜூன் 27, திங்கள்

பேஜில் ஏன் அப்டேட் இல்லை என்று 600 மெசேஜ்.

ஜூலை 9, சனி

ஜனாதிபதி மாளிகைக்குள் சனம். நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள். அயலில் எல்லாரும் ஒரே போனைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஷெரின் ஓடி வந்தாள்.

"பெனி, வாடி, வந்து பார், சரித்திரம்!"

போய்ப் பார்த்தேன். ஒருவன் ஜனாதிபதியின் கட்டிலில் சப்பாத்தோடு படுத்திருந்தான். கண்ணை மூடி நித்திரைபோல நடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 20, புதன்

கொழும்பில் இன்று பாராளுமன்றத்தில் புது ஜனாதிபதி. இங்கே அப்பாவின் முப்பத்தோராம் நாள்.

பூசை முடிந்து சாப்பாட்டுக்கு யூட் அண்ணை வந்தார். சாப்பிடாமல் சோற்றுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு விசயம். கொம்மாவுக்கு முன்னால சொல்லக் கூடாதெண்டு வைச்சிருந்தனான்."

"சொல்லுங்கோ அண்ணை."

"பவுசர் வந்து நம்பர் கூப்பிடேக்க கொப்பா உள்ளுக்க இருக்கிறது தெரிஞ்சுது, ஆள் இருக்குதெண்டு விட்டிட்டன். வரிசை நகரேக்க எல்லாரும் இறங்கித் தள்ளினவங்கள். கொப்பா இறங்கேல்லை. ஹாண்டிலில தலையை வைச்சுக்கொண்டு கிடந்தவர். 131 அசையேல்லை எண்டு நாலைஞ்சு பேர் கத்த வெளிக்கிட்டாங்கள், தூக்கி ஓரத்தில வையுங்கோடா எண்டு. அப்ப பின்னால நிண்டவன், 132, ஓடி வந்தான். 'அண்ணை ஆறு நாளா ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை, எழுப்பாதேங்கோ, நான் தள்ளுறன்' எண்டான்."

"ரெண்டையும் அவர் தனியவோ?" என்று கேட்டேன்.

"தன்ர ஓட்டோவைப் பத்தடி தள்ளுவான். பிறகு முன்னால வந்து கொப்பான்ரயைப் பத்தடி தள்ளுவான். அந்த வெயிலுக்க. ரெண்டு மணித்தியாலம். கொப்பான்ர ரெண்டு கையும் ஹாண்டிலை நேராப் பிடிச்சபடி. றோட்டும் நேர். ஒருத்தருக்கும் விளங்கேல்லை பிள்ளை. எனக்கும் விளங்கேல்லை. நானும் பக்கத்தால போகேக்க சத்தம் போடாமல்தான் போனனான்."

"அவர் இப்ப எங்க?"

"தெரியாதே. பம்படியில விசயம் தெரிஞ்சவுடன நிலத்தில குந்தித் தலையில அடிச்சான். 'நான் எழுப்பியிருந்தா, நான் எழுப்பியிருந்தா' எண்டு. பிறகு தன்ர ஓட்டோவை வரிசையால இழுத்து எடுத்து, தள்ளிக்கொண்டு போயிட்டான். அடுத்தது அவன்ர முறை. பெற்றோல் அடிக்காமலே போயிட்டான்."

"பேர்?"

"பேர் எழுதினா இவன் ஆற்ற ஆள், அவன் ஆற்ற ஆள் எண்டு சண்டை வரும். நம்பர் மட்டும்தான் எழுதினது. கிளிநொச்சிப் பக்கம் எண்டு நினைக்கிறன். நீல ஓட்டோ."

யூட் அண்ணை போக எழும்பியவர் திரும்பினார். சிரிக்கப் பார்த்தார்.

"அந்த வியாழக்கிழமை நீ ஏதோ போனில செய்தனியாமே. கொப்பா வரிசை முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர். 'என்ர பிள்ளைக்கு இண்டைக்கு முக்கியமான வேலை, அதுதான் வரேல்லை' எண்டு. தன்ர போனில அது வராதெண்டு 132இன்ர போனிலதான் பாத்தவர். ரெண்டு பேரும் ஓட்டோவுக்க குந்தியிருந்து. நிண்டு நிண்டுதான் ஓடினது. நீ ஏதோ கத்தினியாம், கொப்பா பயந்துபோனார். பிறகு ஒரே சிரிப்பு."

2,314 பேர்.

ஜூலை 21, வியாழன்

ஜூன் 15ஆம் திகதிப் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது.

நான் கேட்டேன். "அப்பா, கிளினிக்குக்கு அடுத்த கிழமை போக ஏலாதோ?" என்று கேட்டேன். கிளினிக் கொப்பி அப்பாவின் மடியில் இருந்தது. காலையில் போவதற்காக அம்மா கொடுத்துவிட்டது. அதை எடுத்து சீற்றுக்குக் கீழே வைத்தார். பிறகுதான் நான் எழுதிய அந்த வசனங்களைச் சொன்னார்.

17ஆம் திகதிப் பக்கத்தில் இருப்பது அப்பா எனக்காகச் சொன்ன பொய்.

ஓகஸ்ட் 11, வியாழன்

இன்று 'உப்புக்கண்'. முதல் காட்சிக்கு ஷெரின் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். போகவில்லை. பேஜில் இப்போது 52,000 பேர். என் விமர்சனத்துக்குக் காத்திருக்கிறார்கள். கீழே உள்ளதைத்தான் போடப் போகிறேன். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன், போனில் எழுதினால் அழித்துவிடுவேன்.

*

எல்லோருக்கும் வணக்கம். இது பட விமர்சனம் இல்லை. மன்னிக்கவும்.

படத்தில் இருப்பது என் அப்பாவின் ஓட்டோவின் பின்பக்கம். தலைவரின் ஸ்டிக்கர், வலது கண்ணுக்குக் கீழே ஒரு கிழிசல். இந்த ஓட்டோ ஜூன் 14 முதல் 20 வரை யாழ்ப்பாணம் கடற்கரை றோட்டுப் பெற்றோல் வரிசையில் 131ஆம் நம்பராக நின்றது. அதற்குப் பின்னால் 132ஆம் நம்பரில் ஒரு நீல ஓட்டோ நின்றது. அதை ஓட்டிய அண்ணாவைத் தேடுகிறேன்.

அண்ணா, ஆறு நாள் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். கடைசி நாள் இதில் கையை வைத்துத்தான் தள்ளியிருப்பீர்கள். ஜூன் 16 காலை பத்து மணிக்கு உங்கள் போனில் இந்தப் பேஜ் திறந்திருந்தது. அதனால் இது எப்படியாவது உங்களிடம் வரும் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை உங்களுக்குப் புட்டுத் தந்தது நான்தான். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு நீட்டினேன். நீங்கள் வாங்கிய கை மட்டும் ஞாபகம் இருக்கிறது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

நீங்கள் எழுப்பியிருந்தாலும் அப்பா எழும்பியிருக்க மாட்டார். டொக்டர் சொன்ன நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டேன், பவுசர் வந்த நேரமே அவர் போய்விட்டார். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. வியாழக்கிழமை அந்த ஓட்டோவுக்குள் நான் இருந்திருக்க வேண்டும். அப்பா கிளினிக்குப் போயிருக்க வேண்டும். ட்ரெய்லருக்காக நான்தான் மாற்றச் சொன்னேன். லைவில் நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்களே, நான் அங்கே இருந்ததற்குக் காரணம் அதுதான். அம்மாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன். அம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

அப்பா சிரித்தார் என்று யூட் அண்ணை சொன்னார். பக்கத்தில் இருந்து பார்த்தது நீங்கள் மட்டும்தான். எந்த இடத்தில் சிரித்தார் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் பெற்றோல் எங்கள் ஓட்டோவுக்குள் இருக்கிறது. யாரையும் தொட விடவில்லை. கண்ணாடியில் 131 இன்னும் அழியவில்லை.

கிளிநொச்சி, பரந்தன், பூநகரி, முல்லைத்தீவுப் பக்கம் இருக்கும் ரசிகர்கள் தயவு செய்து இதை உங்கள் ஊர் ஓட்டோத் தரிப்பிடக் குரூப்புகளில் போடுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத சாரதி என்றால் வாசித்துக் காட்டுங்கள். இன்றைக்குத் தலைவருக்காக ஆயிரம் போஸ்ட் பகிர்வீர்கள் என்று தெரியும், நானும் அப்படித்தான். இந்த ஒன்றையும் பகிருங்கள். நீல ஓட்டோவில் ஏறினால் ஹாண்டிலில் இருக்கும் கையைப் பாருங்கள். பெருவிரல் நகம் கறுத்திருந்தால், ஜூனில் யாழ்ப்பாணத்தில் வரிசையில் நின்றீர்களா என்று கேளுங்கள். ஓம் என்றால் இந்தப் படத்தைக் காட்டி, எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். எந்த நேரமானாலும் பார்ப்பேன்.